காலைப் பத்து பத்தா, ராத்திரிப் பத்து பத்தா

கடிதம் ஏற்கெனவே அடித்துத் தயாராக இருந்தது. கீழே அவள் பெயர், பெயருக்கு மேலே கையெழுத்துக்கு ஒரு விரல் நீளம் இடம். மேனேஜர் உமாசங்கர் அதைக் கண்ணாடி மேஜையின் மேல் வைத்து, அதன்மேல் தன் பேனாவையும் வைத்து, இரண்டையும் சேர்த்து பிரிஸில்லாவின் பக்கம் தள்ளினார்.

"ஒப்பு போட்டுத் தா பிள்ளே. பதினோரு மணிக்கு ஆள் வருவாரு."

பிரிஸில்லா பேனாவை எடுத்து ஓரமாக வைத்தாள். பிறகு கடிதத்தை எடுத்தாள். இங்கிலீஷில் ஐந்து வரி. ஸ்ரீகண்டன் என்ற வாடிக்கையாளர் வாங்கிய கைக்கடிகாரத்தின் தேதியைத் தவறான முறையில் மாற்றிப் பழுதாக்கியது நானே. போதிய பயிற்சி இல்லாததே காரணம். இனிமேல் கடையில் மெக்கானிக்கல் வாட்ச் எதையும் தொடமாட்டேன். இரண்டு தடவை படித்தாள். இரண்டாவது தடவை படித்தபோது 'பயிற்சி இல்லாததே' என்ற இடத்தில் அவளுக்குக் காது சுட்டது.

"இதை நான் செய்யலை சார்."

"செய்தியா செய்யலையான்னு இப்பம் யாரு கேட்டா? பில்லுல அட்டெண்ட் பண்ணுனதுன்னு உம் பேருல்லா இருக்கு. ஒரு ஒப்பு. அதோட காரியம் கழிஞ்சு."

"தேதியைத் திருகுனது நீங்க."

உமாசங்கர் திரும்பிப் பார்த்தார். கடைக்குள் இன்னும் யாரும் வரவில்லை. லேடீஸ் வாட்ச் அலமாரியில் அஸ்வதி மட்டும் ஒரே கண்ணாடியை ஐந்தாவது தடவையாகத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பையப் பேசு. நான் உனக்கு நல்லதுக்குத்தான் சொல்லுகேன், கேட்டியா. ஒப்பு போட்டா ஸ்ட்ராப் கவுண்டர்ல இருந்துக்கிடலாம். வார் மாத்துகது, பேட்டரி போடுகது, ஒரு சல்லியமும் இல்லை. போடல்லைன்னா நாளைக்கு வரண்டாம். பதினோரு மணி வரை டைம் இருக்கு, ஆலோசிச்சுக்கோ."

அவள் அழுவாள் என்று அவர் எதிர்பார்த்திருக்கலாம். பிரிஸில்லாவுக்கு அழுகை அவ்வளவு லேசில் வராது. வந்தாலும் தம்பானூர் ஹாஸ்டலில், தண்ணீர் திறந்துவிட்ட குளியலறையில்தான் வரும்.

அவள் போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். வித்துராவுக்குப் பஸ் ஏறிப் பள்ளிக்கூடம் படித்து, அங்கிருந்து இன்னொரு பஸ் ஏறிக் கல்லூரி படித்து, பிசிக்ஸில் பட்டம் வாங்கியவள். அவள் வீட்டில் பட்டம் என்ற சொல்லுக்கு அதுவரை காற்றில் விடுவது என்ற ஒரே அர்த்தம்தான். எம்.ஜி. ரோட்டில் இந்தக் கடையில் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. சுவிஸ் கம்பெனியின் பயிற்சிக்குக் கடையிலிருந்து ஒருவரை அனுப்ப வேண்டும் என்று போன மாதம் ஆன்லைனில் ஒரு பரீட்சை வைத்தார்கள். பிரிஸில்லா தொண்ணூற்றொன்று. உமாசங்கர் நாற்பத்துநாலு. அந்தப் பட்டியல் வந்த நாளிலிருந்து அவர் அவளைப் 'பிள்ளே' என்று கூப்பிடும் குரலில் ஒரு பல் முளைத்திருந்தது. இந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் பயிற்சி போகும். போடாவிட்டால் வேலையே போகும்.

கெட்ட மனிதர் என்று ஒரேயடியாகச் சொல்லிவிடவும் முடியாது. நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து சாலைக் கடைத்தெருவில் வேர்விட்ட குடும்பம். இருபத்தைந்து வருஷம் பேட்டரி வாட்சும் சுவர்க் கடிகாரமும் விற்றவர். உள்ளே வருகிற ஆளின் செருப்பைப் பார்த்து விலையைச் சொல்லிவிடுவார். ஆனால் லட்சக்கணக்கில் விலையுள்ள ஆட்டோமேட்டிக் குரோனோகிராஃப்கள் கடைக்கு வந்து மூன்று வருஷம்தான் ஆகிறது. பேட்டரி இல்லாமல், கட்டியவரின் கை அசைவிலேயே முறுக்கேறி ஓடும் கடிகாரம். அதற்குள்ளேயே ஒரு ஸ்டாப் வாட்ச். பக்கவாட்டில் சாவிக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு பட்டன். அதன் வயிற்றுக்குள் இருப்பதைப் படிக்க அவருக்கு நேரமும் இல்லை, படித்தவளிடம் கேட்க மனமும் இல்லை.

நடந்தது இதுதான்.

காட்சிக்கு வைக்கும் கடிகாரங்களை எல்லாக் கடைகளிலும் பத்து மணி பத்து நிமிஷத்தில்தான் நிறுத்துவார்கள். முட்கள் இரண்டும் கையை விரித்துக் கூப்பிடுவதுபோல் இருக்கும். பன்னிரண்டுக்குக் கீழே எழுதியிருக்கும் கம்பெனிப் பெயரையும் மறைக்காது. கட்டாமல் கிடக்கும் ஆட்டோமேட்டிக் தானாக நின்றுவிடும். ஷட்டர் திறந்ததும் யாராவது ஒருவர் துடைத்து, முள்ளைத் திருகி, பத்து பத்துக்குக் கொண்டுவந்து வைப்பார். ஆனால் மணி முள் ஒரு நாளைக்கு இரண்டு சுற்று சுற்றுகிறது. முகத்தைப் பார்த்தால் அது காலைப் பத்து பத்தா, ராத்திரிப் பத்து பத்தா என்று தெரியாது. உள்ளே இருக்கும் சக்கரத்துக்குத் தெரியும். ராத்திரி எட்டிலிருந்து விடிய மூன்று வரைக்கும் ஒரு சின்னப் பல் தேதித் தட்டைப் பிடித்துக்கொண்டு, நள்ளிரவில் அடுத்த தேதிக்குத் தள்ளிவிடத் தயாராக இருக்கும். அந்த நேரத்தில் சாவியைப் பாதி இழுத்துத் தேதியை வேகமாக மாற்றினால், பல் போய்விடும். மணிமுள்ளை முதலில் ஆறுக்கு இறக்கிவிட்டுத்தான் தேதியைத் தொட வேண்டும்; காலை ஆறானாலும் மாலை ஆறானாலும் பல் விலகியிருக்கும். இது கம்பெனிப் புத்தகத்தில் கொட்டை எழுத்தில் இருக்கிறது.

ஆறு வாரத்துக்கு முன்னால் ஸ்ரீகண்டன் ஒரு கறுப்பு முக வாட்சை எடுத்தார். அவர் கார்டு தேய்க்கக் கல்லாப் பக்கம் போனபோது, பிரிஸில்லா பட்டையிலிருந்து இரண்டு கண்ணியைக் கழற்றி முடித்திருந்தாள். "தா, நான் செட் பண்ணித் தாறேன்" என்று உமாசங்கர் வாங்கினார். முள் பத்து பத்தில் நின்றது. அப்படியே சாவியைப் பாதி இழுத்து, தேதியைக் கடகடவென்று இருபத்துமூன்று வரை ஓட்டினார். பிரிஸில்லா பார்த்துக்கொண்டு நின்றாள். சொல்ல வாய் திறந்தது. மூடிக்கொண்டது.

ஏன் மூடிக்கொண்டது என்றால், அதற்கு ஒரு மாதம் முன்னால் வேறொரு வாடிக்கையாளர் முன் அவர் சொன்ன ஒரு தப்பை அவள் திருத்தியிருந்தாள். உமாசங்கர் கோபப்படவில்லை. சிரித்தபடி அந்த ஆளிடம், "கொழுந்து கிள்ளுன கையாக்கும் சார். இப்பம் நமக்கு வாட்ச் சொல்லித் தருது" என்றார். அந்த ஆளும் சிரித்தான். அந்தச் சிரிப்புதான் அவள் வாயை மூடியது. ஆறு வாரமாக அவளுக்கு உமாசங்கர்மேல் இருந்த எரிச்சலைவிடத் தன் வாயின்மேல் இருந்த எரிச்சல்தான் அதிகம்.

மூன்றாம் நாளே தேதி நின்றுபோனது. ஸ்ரீகண்டன் மகன் வீட்டுக்குச் சென்னை போயிருந்தார். திரும்பி வந்து கொடுத்து, சர்வீஸ் சென்டருக்குப் போய், 'தடைசெய்த நேரத்தில் தேதி மாற்றியதால் உடைந்தது, வாரண்டி கிடையாது' என்று சீட்டு வருவதற்குள் ஆறு வாரம். கடையின் கேமரா பதினைந்து நாள்தான் ஞாபகம் வைத்திருக்கும். வேறு வாட்ச் தருகிறோம் என்று கடை சொன்னது. சரி, ஆனால் யார் செய்தார்கள் என்று எழுத்தில் வேண்டும் என்றார் ஸ்ரீகண்டன். அதுதான் இந்தக் கடிதம்.

உமாசங்கர் கல்லாப் பக்கம் போனதும் அஸ்வதி துணியோடு வந்து நின்றாள்.

"எடீ பிரிசி, ஒப்பிட்டுக் குடுத்துட்டு வேற ஜோலி நோக்கு டீ. ஸ்ட்ராப் கவுண்டர்ல ஏசி நேரா மொகத்துல அடிக்கும். நான் ரெண்டு வருஷமா அந்த சீட்டுக்குக் கொதிச்சிட்டிருக்கேன்."

"அப்போ நீ போடு ஒப்பு."

"எம் பேர்ல அடிக்கலையே. அடிச்சிருந்தா போட்டிருப்பேன். ஒரு பேப்பர்தானே."

"எங்கம்மையும் அப்படித்தான். நீட்டுன பேப்பர்ல எல்லாம் பெருவிரலை வச்சா. அவளுக்கு எழுத்து தெரியாது, வச்சா. நான் பதினஞ்சு வருஷம் படிச்சுட்டு வந்தும் அதையேதான் வைக்கணும்னா, அந்தப் பதினஞ்சு வருஷமும் நான் எதுக்கு பஸ்ல தொங்குனேன்?"

"இப்போ உங்கம்மாக்கு போன் பண்ணிக் கேட்டா என்ன சொல்லுவா?"

"வை மக்கான்னு சொல்லுவா. அதான் கேக்கலை."

அஸ்வதி சிரிக்கப் பார்த்தாள். பிறகு சிரிக்காமல், "பின்னே என்ன செய்யப் போறே?" என்று கேட்டாள்.

"தெரியலை. ஒப்பு மட்டும் போட மாட்டேன்."

பதினோரு மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது ஸ்ரீகண்டன் வந்தார். கோட்டைக்குள் அக்ரஹாரத் தெருவில் வீடு. கல்லூரி ஒன்றில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அறுபத்தெட்டு வயது, வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கேன்வாஸ் ஷூ. முப்பது வருஷம் ஓட்டப் பந்தயங்களில் முடிவுக் கோட்டுக்குப் பக்கத்து ஏணிப்படியில் உட்கார்ந்து நேரம் குறித்தவர். இன்றும் காலையில் மைதானத்துக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு நேரம் பார்ப்பவர். சட்டைப் பையில் பழைய ஸ்டாப் வாட்ச் ஒன்று எப்போதும் கிடக்கும்.

"எழுதி வெச்சாச்சா?" உட்காருவதற்கு முன்னாலேயே கேட்டார்.

"எல்லாம் ரெடியாக்கும் சார். சாய குடிக்கேளா?"

"சாயா வேண்டாம். எழுத்தும் அப்பறம் பாத்துக்கலாம். மொதல்ல கடியாரம். போன தடவை நீங்க சொன்னதைக் கேட்டு எடுத்தேன். இந்தத் தடவை மூணையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, நானே பாத்து எடுத்துக்கறேன்."

பிரிஸில்லா தட்டில் மூன்றையும் கொண்டுவந்து வைத்தாள். கடைக்குள் அவற்றுக்குப் பட்டப்பெயர் உண்டு. வெள்ளை முகத்தில் கறுப்பு வட்டங்கள் உள்ளது பாண்டா. மூன்றில் விலை கூடியது. பெரிய எண்களோடு கறுப்பு முகம் பைலட். ஸ்ரீகண்டன் முதலில் வாங்கியது அந்த மாடல்தான். மூன்றாவது நீலன், விலை குறைந்தது, மெலிந்தது. மூன்றும் சுவிஸ், மூன்றும் ஆட்டோமேட்டிக், மூன்றும் பத்து பத்து.

அவள் பாண்டாவை எடுத்து நீட்டப் போனாள். ஸ்ரீகண்டன் கையைக் காட்டித் தடுத்தார்.

"இந்தக் குட்டியாக்கும் பண்ணினது, இல்லையா? நீ தொட வேண்டாம்."

பிரிஸில்லாவின் கை தட்டுக்கு மேல் ஒரு கணம் நின்றது. பிறகு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். அங்கிருந்து போகவில்லை.

உமாசங்கர் ஆரம்பித்தார். "சார், மூணும் சுவிஸ் மேட்..."

"அது வெலையிலேயே தெரியறதே. வித்தியாசம் என்ன?"

"பாண்டா நல்ல ப்ரெஸ்டீஜ் சார்."

"ப்ரெஸ்டீஜை எங்கே அமுக்கிப் பாக்கறது?"

பதிலுக்குக் காத்திராமல் அவரே பாண்டாவை எடுத்து, நாலைந்து தரம் சாவியைத் திருகி உயிர் கொடுத்து, மேல் பட்டனை அமுக்கினார். விநாடி முள் சத்தமில்லாமல் கிளம்பியது. நிறுத்தினார். கீழ் பட்டனை அமுக்கிப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார். பைலட்டை எடுத்தார். அதன் பட்டன் முரண்டுபிடித்து, 'டக்' என்று இறங்கியது. நீலனும் அப்படியே. தன் பழைய ஸ்டாப் வாட்சையும் எடுத்து ஒருதரம் அமுக்கிப் பார்த்துக்கொண்டார்.

"இது ரெண்டும் ஏன் இப்பிடி கட்டியா இருக்கு? பந்தயத்துல இவ்வளவு அமுக்கினா கால் விநாடி போயிடுமே."

"புதுசுல்லா சார். போகப் போக லூஸாயிரும்."

"ஆகாது சார்" என்றாள் பிரிஸில்லா.

உமாசங்கர் அவளைப் பார்த்தார். ஸ்ரீகண்டனும் பார்த்தார்.

"பத்து வருஷம் அமுக்கினாலும் அது அப்படித்தான் இருக்கும். ரெண்டுலயும் உள்ள ஒரு தட்டை இன்னொரு தட்டு தள்ளிக்கிட்டுப் போகணும். அதான் முதல் அமுக்கு கட்டி. பாண்டால தூண் வச்ச மாதிரி ஒரு சக்கரம் இருக்கு. பட்டன் அந்தச் சக்கரத்தை ஒரு பல் திருப்பும், அவ்வளவுதான். அதான் மெத்துன்னு இருக்கு. அதைச் செய்யுறதுக்கு வேலை கூட. அதுக்குத்தான் விலையும் கூட."

"பிள்ளே, நீ போய் தண்ணி..."

"இருங்கோ." ஸ்ரீகண்டன் அவரைப் பார்க்காமலே சொன்னார். "என்னோட வாட்ச், கையை ஆட்டினா உள்ளே என்னவோ கழண்டு கெடக்கற மாதிரி ஆடித்து. ஒடைஞ்சதுக்கு முன்னாடியே ஆடித்து. இவர்ட்ட கேட்டேன். அதுக்கும் புதுசுன்னார்."

"கழண்டு கிடக்கலை சார். உள்ள ஒரு அரைவட்டத் தகடு இருக்கு. உங்க கை அசைஞ்சா அது சுத்தி முறுக்கேத்தும். பைலட்ல ஒரு பக்கம் சுத்துனாத்தான் முறுக்கு ஏறும். மறுபக்கம் சும்மா வேகமாச் சுத்தும். அதான் உள்ள யாரோ புரண்டு படுக்கிற மாதிரி இருக்கும். கெடுதல் இல்லை. சிலபேருக்கு அது பிடிக்கவும் செய்யும்."

"எனக்குப் பிடிக்கலை."

"அப்போ பைலட் வேண்டாம் சார்."

அஸ்வதி தன் அலமாரியிலிருந்து நகர்ந்து நகர்ந்து ஸ்ட்ராப் கவுண்டர்வரை வந்துவிட்டிருந்தாள். உமாசங்கர் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். ஏசி அவர்மேல்தான் அடித்துக்கொண்டிருந்தது.

ஸ்ரீகண்டன் அவளை இப்போதுதான் முழுதாகப் பார்த்தார். "இவ்வளவு தெரிஞ்ச நீ எப்பிடி தேதியை ஒடைச்சே?"

இந்தக் கேள்விக்குத்தான் அவள் ஆறு வாரமாகக் காத்திருந்தாள் என்று சொல்லலாம். ஆனால் 'நான் இல்லை, அவர்' என்றால் முடிந்துவிடும். அவர் 'இல்லை, அவள்' என்பார். கடையில் இருபத்தைந்து வருஷத்துக்கு ஒரு எடை, இரண்டு வருஷத்துக்கு ஒரு எடை. பில்லில் அவள் பெயர். கைகளைப் பின்னால் இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"சார், அதுக்கு முன்னாடி மேனேஜர் சார்ட்ட ஒண்ணு கேட்டுக்கிடுதேன்." உமாசங்கர் பக்கம் திரும்பினாள். "அலமாரியில பைலட் இன்னொண்ணு இருக்கு. யாரும் தொடலை. பத்து பத்துல நிக்கு. அது காலைப் பத்து பத்தா, ராத்திரிப் பத்து பத்தா சார்?"

உமாசங்கருக்குக் கேள்வி வேடிக்கையாக இருந்தது. ஸ்ரீகண்டனைப் பார்த்துச் சிரித்தார். "கேட்டேளா சார், பிசிக்ஸாக்கும். பத்து பத்துன்னா பத்து பத்துதான் பிள்ளே. கடை தொறக்குகது காலையிலல்லா? செட் பண்ணுகது காலையிலல்லா? கடையில எல்லாமே காலைதான்."

"எல்லாமே காலைதானா சார்?"

"பின்னே? ராத்திரி வந்தா செட் பண்ணுகோம்?"

"அஸ்வதி, அதை எடுத்து சார் கையில குடு. நீலன்லயும் இன்னொண்ணு இருக்கும், அதையும்."

அஸ்வதி கொண்டுவந்து வைத்தாள். தேதி ஜன்னலில் பைலட் 8 காட்டியது, நீலன் 19.

"சார், நீங்களே சாவியைக் கடைசிவரை இழுங்க. பாதியில நிறுத்தாதீங்க. முள்ளை முன்னாடி சுத்துங்க. பன்னெண்டைத் தாண்டி ஒரு மணி வரைக்கும். தேதியைப் பாத்துக்கிட்டே சுத்துங்க."

ஸ்ரீகண்டன் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, பைலட்டின் சாவியை இழுத்துச் சுற்றினார். முள் பதினொன்றைத் தாண்டியது. பன்னிரண்டை நெருங்கும்போதே ஜன்னலில் 8 சரியத் தொடங்கியது. பன்னிரண்டு தாண்டியதும் 9 வந்து உட்கார்ந்தது.

அவர் கை நின்றது. பிறகு நீலனை எடுத்தார். முள் பன்னிரண்டு தாண்டியது, பன்னிரண்டரை தாண்டியது, ஒன்றுக்கு வந்தது. 19 அசையவில்லை.

"அப்போ இது காலை. அது ராத்திரி."

"ஆமா சார். ராத்திரியில நிக்கிறதைப் பத்து பத்துலயே வச்சுத் தேதியை ஓட்டினா உடையும். சுத்திப் பாக்காம யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. அதனால நான் முள்ளை ஆறுக்கு இறக்காமத் தேதியைத் தொடமாட்டேன். கடையில எல்லாமே காலைன்னு நினைக்கிறவங்கதான் தொடுவாங்க."

ஸ்ரீகண்டன் மெதுவாக உமாசங்கர் பக்கம் திரும்பினார். "நான் கார்டு தேய்க்கப் போனபோது வாட்ச் யார் கையில இருந்தது?"

"சார், அது... அன்னைக்குத் திரக்கு, ஒரே ஆள் கூட்டம், அதுல நமக்கு..."

"நான் முப்பது வருஷம் டைம் எடுத்தவன். ஒரு கோட்டுக்கு மூணு பேர் உக்காருவோம். தப்பா அமுக்கிட்டா தப்பா அமுக்கினேன்னு ஷீட்ல எழுதிக் கையெழுத்துப் போடுவோம். அதுக்கு யாரும் செத்துப் போகலை. யார் கையில இருந்தது?"

உமாசங்கர் மேஜையைப் பார்த்தார். அவருடைய பேனா இன்னும் மேஜை ஓரத்தில், காலையில் பிரிஸில்லா ஒதுக்கி வைத்த இடத்திலேயே கிடந்தது.

"நீயாவது அன்னிக்கே சொல்லியிருக்கலாமே" என்றார் ஸ்ரீகண்டன், அவளிடம். குரலில் இரக்கமெல்லாம் ஒன்றும் இல்லை.

"சொல்லியிருக்கணும் சார். பக்கத்துலதான் நின்னேன். முள்ளும் தெரிஞ்சுது, அவர் செய்யுறதும் தெரிஞ்சுது. வாயை மூடிக்கிட்டு உங்க கையில கட்டிவிட்டேன். அது என் தப்பு. அதுக்கு லெட்டர் கேட்டா தாரேன். இதுக்குத் தரமாட்டேன்."

சொல்லிவிட்டு, அடித்து வைத்த கடிதத்தைத் திருப்பிப் போட்டாள். பின்பக்கம் வெற்றாக இருந்தது. உமாசங்கரின் பேனாவையே எடுத்தாள். இங்கிலீஷிலேயே எழுதினாள், வாசிக்கத் தெரியவில்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக. அன்றைய தேதி, வாட்சின் எண், முட்கள் நின்ற நேரம் போட்டாள். 'மேனேஜர் திரு. உமாசங்கர் முட்களை ஆறுக்கு இறக்காமல் தேதியை மாற்றினார். நான் அதைப் பார்த்தேன். தவறு என்று தெரிந்தும் சொல்லவில்லை. இனிமேல் யார் முன்னாலும் சொல்வேன்.' கீழே முழுப் பெயரையும், பெயருக்குப் பின்னால் பட்டத்தையும் எழுதிக் கையெழுத்திட்டாள். பட்டத்தை மட்டும் கொஞ்சம் பெரிதாக எழுதினாள்.

ஸ்ரீகண்டன் வாங்கிப் படித்தார். படித்துவிட்டு உமாசங்கரின் முன்னால் வைத்தார்.

"இன்னும் ஒரு கையெழுத்து குறையறது."

உமாசங்கரின் போன் அடிக்கவில்லை. ஆனாலும் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, "ஆ, பறயூ" என்றபடி உள் அறைக்குப் போனார். அஸ்வதி முகத்தைத் துடைப்புத் துணியால் மூடிக்கொண்டாள்.

"போகட்டும்." ஸ்ரீகண்டன் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில், ஸ்டாப் வாட்சுக்குப் பக்கத்தில் செருகினார். "நீ பண்ணினதும் தப்புதானாக்கும். இது என்கிட்ட இருக்கட்டும். இப்போ சொல்லு. இந்த மூணுல எது?"

"உங்க கட்டைவிரலுக்கு பாண்டாதான் சார். ஆனா நீங்க முதல்ல குடுத்ததுக்கு மேல இன்னும் ஒண்ணரை லட்சம் போடணும். பட்டன் மெத்துன்னு இருக்கிறதுக்கு ஒண்ணரை லட்சம். மூணும் காட்டப் போறது ஒரே நேரம்தான். பந்தயம் அளக்கணும்னா உங்க பையில கிடக்கிற அந்த ஸ்டாப் வாட்ச் இந்த மூணையும்விட நல்லா அளக்கும்."

"அப்போ எதுவும் வாங்க வேண்டாங்கறயா?"

"அப்படிச் சொன்னா எனக்கு இங்க என்ன வேலை? ஆசைக்கு வாங்குறீங்க. ஆசைக்கு வாங்குறவங்க கையில கனக்காம இருக்கணும். நீலன் மெலிசு. ரெண்டு நாள் கழட்டி வச்சாலும் நிக்காது. பட்டன் கட்டிதான், அதைப் பொறுத்துக்கிடணும்."

"உனக்கு வாங்கறதுன்னா?"

"எனக்கா? நான் போன்ல மணி பாப்பேன் சார்."

ஸ்ரீகண்டனுக்கு மூக்கு வழியாக ஒரு சிரிப்பு வந்து போனது. தட்டில் முதலிலேயே இருந்த நீலனைக் கட்டிப் பார்த்தார். கையை ஆட்டினார். பட்டனை இன்னொரு தரம் அமுக்கி, முகம் சுளித்து, "பொறுத்துக்கறேன்" என்றார். கழற்றி அவள் பக்கம் நீட்டினார். "தேதி வை."

பின்னால் கட்டியிருந்த கைகளை அவள் உடனே எடுக்கவில்லை.

"தொடலாமா சார்?"

"வை, வை. நேரமாறது."

அவள் சாவியைக் கடைசிவரை இழுத்தாள். முள்ளை முன்னால் சுற்றினாள். பன்னிரண்டில் தேதி புரண்டது; இதுவும் ராத்திரிதான். ஆறுவரை இறக்கினாள். சாவியைப் பாதிக்குத் தள்ளித் தேதியை ஓட்டினாள். பிறகு நேரம் வைத்தாள். அவசரப்படவில்லை. ஸ்ரீகண்டன் ஒவ்வொரு அசைவையும் முடிவுக் கோட்டைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் போனபிறகுதான் உமாசங்கர் உள் அறையிலிருந்து வந்தார்.

"ரொம்ப பெரிய காரியம் செய்தே. நாளைக்கு நீ வரணுமா வரண்டாமான்னு மொதலாளிட்ட கேட்டுச் சொல்லுகேன்."

"கேளுங்க சார். நான் எப்பவும் போல ஒம்பதே முக்காலுக்கு வருவேன். வர வேண்டாம்னா எழுதிக் குடுங்க. என்ன காரணம்னும் எழுதுங்க. வாசிச்சுட்டு வாங்கிக்கிடுதேன்."

"உனக்கு யாரு பிள்ளே இந்த வாயைத் தந்தா?"

"ஆறு வாரமா மூடி வச்சிருந்தேன் சார். அதான் கொஞ்சம் கூட வருது."

அவர் கல்லாவுக்குப் போய் உட்கார்ந்து எதையோ தேடத் தொடங்கினார். பேனாவாக இருக்கலாம். பேனா பிரிஸில்லாவின் சட்டைப் பையில் இருந்தது. அவளும் அப்போதுதான் கவனித்தாள். கொண்டுபோய் அவர் முன்னால் வைத்துவிட்டு, அலமாரிக்கு வந்தாள். இன்று யாரும் சுற்றிப் பார்க்காத குரோனோகிராஃப்கள் இன்னும் ஒன்பது இருந்தன. ஒன்பதும் பத்து பத்தில் நின்றன. முதலாவதை எடுத்து, சாவியைக் கடைசிவரை இழுத்து, முள்ளைச் சுற்றினாள்.

"எடீ, என்ன செய்யறே?" என்றாள் அஸ்வதி.

"காலை எத்தனை, ராத்திரி எத்தனைன்னு பாக்குதேன். நீயும் வா. ஒண்ணை எடு. பாதி இழுக்காதே."